பொம்மைக்கு வயசு உண்டா?

(தாயில்பட்டியில் பதிவு செய்யப்பட்டு ஒளிபரப்பான பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: 'வளர்ந்தவர்கள் பொம்மை சேர்ப்பது குடும்பத்துக்கு மகிழ்ச்சியா? தொல்லையா?' அணி: மகிழ்ச்சியே.)

மாண்புமிகு நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து என்னையே பொம்மையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரி அவர்களே! (சிரிப்பு) பட்டாசு ஆபீசுக்கு லீவு விட்ட சந்தோஷத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற தாயில்பட்டித் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு போடு போட்டார். "வீட்டில் மனுஷன் உட்கார இடமில்லை, இதில் பொம்மைக்கு அலமாரியா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். (சிரிப்பு) தட்டிவிட்டு யோசித்தேன். என் வீட்டில் ஒரு அலமாரி இருக்கிறது. அதில் முழுக்க முழுக்க நான் பட்டிமன்றத்தில் வாங்கிய கேடயங்கள். பிளாஸ்டிக்கில் ஒரு வீணை, தங்கக் கலரில் ஒரு குதிரை, தீபம் ஏந்திய ஒரு பெண். கீழே என் பெயர் தப்பும் தவறுமாக எழுதியிருக்கும். (சிரிப்பு) என் மனைவி அதைத் தூசி தட்டும்போது ஒரு வார்த்தை சொல்லுவாள்: "இதை எடுத்துப் போட்டா நாலு அரிசி மூட்டை வைக்கலாம்." அய்யா, அது என்ன? பொம்மைதானே? எனக்குக் கொடுத்தால் கேடயம், இன்னொருத்தர் காசு போட்டு வாங்கினால் பொம்மையா? (கைதட்டல்)

சரி, சிரிப்பு இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

சகோதரி வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். அறிவு இல்லாதவன் அழகை மண்ணால் செய்த பாவைக்கும், நாணம் இல்லாதவன் நடமாட்டத்தைக் கயிற்றில் ஆடும் மரப்பாவைக்கும் ஒப்பிட்டார் வள்ளுவர், ஆகவே பொம்மை தாழ்ந்தது என்றார். அம்மா, வள்ளுவர் அங்கே திட்டியது யாரை? மனுஷனை! பொம்மை அங்கே உவமைக்கு வந்து நின்றுவிட்டுப் போகிறது. வள்ளுவரே காமத்துப்பாலில் வேறொரு பாவையைக் காட்டுகிறார். கண்ணின் கருமணியில் ஒரு குட்டி உருவம் தெரியும், பார்த்திருக்கிறீர்களா? எதிரே நிற்பவருடைய உருவம். அதற்குத் தமிழில் பெயர் 'பாவை'. தலைவன் அந்தப் பாவையைப் பார்த்து, "நீ போய்விடு, என் காதலிக்கு அங்கே இடம் வேண்டும்" என்கிறான். ஆகத் தமிழன் கண்ணுக்குள்ளேயே ஒரு பொம்மையை வைத்திருக்கிறான். எந்த வயசில் எடுத்துக் கீழே போடுவது? (கைதட்டல்)

இன்னும் பின்னால் போவோம். ஐங்குறுநூறு. பாலைத் திணை பாடியவர் ஓதலாந்தையார். பெண் காதலனோடு உடன்போக்குப் போய்விட்டாள். வீட்டில் அவள் விளையாடிய பாவை கிடக்கிறது. அவள் வளர்த்த கிளி இருக்கிறது. தாய் வந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். இது என் பெண்ணுடைய பாவை, இது அவளுடைய கிளி என்று சொல்லிச் சொல்லிக் கலங்குகிறாள். நான் கல்லூரியில் இந்தப் பாட்டை இருபத்தைந்து வருஷம் நடத்தியிருக்கிறேன். பரீட்சைக்கு எது வரும், துறை என்ன, திணை என்ன என்று சொல்லிக்கொடுத்தேன். ஒன்றைக் கவனிக்கவே இல்லை. அந்தப் பாட்டில் பொம்மையைப் பார்த்து அழுகிறது யார்? குழந்தை இல்லை அய்யா. வயசான ஒரு பொம்பளை.

இதை நான் கவனித்தது புத்தகத்தைப் பார்த்து அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கேயிருந்து பக்கத்தில் வெம்பக்கோட்டை. வைப்பாற்றங்கரை மேடு. 2022, 2023, 2024 என்று மூன்று கட்டமாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியது. உங்களில் சில பேர் கூலிக்குப் போய் மண் அள்ளியிருப்பீர்கள். என்ன கிடைத்தது? தங்கமும் கொஞ்சம் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே என்ன வந்தது? சங்கு வளையல், கண்ணாடி மணி, ஆட்டக்காய், வட்டச் சில்லு, சுட்ட மண்ணால் செய்த பொம்மை! உடைந்த பொம்மையைத் துடைத்து, நம்பர் எழுதி, பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். எம்.ஏ. படித்தவர்கள், பி.எச்.டி. வாங்கியவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நம்ம அரசாங்கமே பொம்மை சேர்க்கிறது! கவர்ன்மென்ட் சேர்த்தால் அகழாய்வு, கருப்பாயி சேர்த்தால் கிறுக்கா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நவராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று படி, ஐந்து படி, ஏழு படி, ஒன்பது படி. கல்யாணத்தில் சீராக வந்த மரப்பாச்சி ஜோடி மேலே உட்காரும். காஞ்சிபுரம், பண்ருட்டி, நம்ம மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி, இங்கேயெல்லாம் மண்ணிலும் காகிதக் கூழிலும் செய்து அனுப்புகிறார்கள். வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதுசாக வாங்க வேண்டும் என்பது கொலு வைக்கிற வீட்டு வழக்கம். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள், பொம்மைகள் தூங்கப் போகின்றனவாம். பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரண் மேல் போய்விடும். வாங்குகிறவர் யார்? குழந்தையா? அறுபது வயசுப் பாட்டி! அதை யாராவது தொல்லை என்று சொல்கிறோமா? சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, "மாமி, செட்டியார் பொம்மை பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். பத்து நாள் படியில் வைத்தால் பண்பாடு, மீதி நாள் அலமாரியில் வைத்தால் பைத்தியமா? என்னய்யா கணக்கு இது? (கைதட்டல்)

எதிரணியில் பேசிய தம்பி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒரு பொம்மையைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று வருத்தப்பட்டார். லபூபு என்று பேராம். 2025-ல் உலகமெல்லாம் கடை வாசலில் வரிசை கட்டி நின்று வாங்கினார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை. என் தமிழாசிரியர் பிரம்பை எடுக்கும்போது இதே மாதிரித்தான் சிரிப்பார். (சிரிப்பு) எல்லாரும் வாங்குகிறார்களே என்று வாங்குவது வேறு, அதைப் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை. மனசில் ஒரு ஆசை விழுந்து அதை விட முடியாமல் சேர்க்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

அப்படி ஒரு ஆள். கார்ட்டூனிஸ்ட் சங்கர். கேரளத்துக் காயங்குளத்தில் 1902-ல் பிறந்தவர். டெல்லியில் 'சங்கர்ஸ் வீக்லி' நடத்தியவர். பிரதம மந்திரி நேருவையே கிண்டலாகப் படம் போட்டவர். 1950-களின் தொடக்கத்தில், அவர் நடத்திய குழந்தைகள் போட்டிக்குப் பரிசாகக் கொடுங்கள் என்று ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையைக் கொடுத்தார். சங்கருக்கு அப்போது ஐம்பது வயசு. அந்தப் பொம்மையைப் பார்த்த மாத்திரத்தில் மனசு விழுந்துவிட்டது. அதிலிருந்து நேருவோடு வெளிநாடு போகிற பத்திரிகைக்காரர்களில் ஒருவராக எங்கே போனாலும், மற்றவர்கள் வாட்ச், சென்ட் பாட்டில் வாங்க இவர் பொம்மை வாங்கினார். ஐந்நூறு சேர்ந்துவிட்டது. ஊர் ஊராகக் கண்காட்சி வைத்தார். கட்டி, அவிழ்த்து, கட்டி, அவிழ்த்து, பொம்மைகள் கையும் காலும் உடைந்து வந்தன. ஒரு கண்காட்சிக்கு நேருவும் இந்திரா காந்தியும் வந்தபோது மனுஷன் இந்தக் குறையைச் சொன்னார். இதற்கென்று நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. 1965 நவம்பர் 30-ஆம் தேதி டெல்லியில் சர்வதேச பொம்மைகள் அருங்காட்சியகம் திறந்தாயிற்று. இன்றைக்கு எண்பதுக்கும் மேற்பட்ட நாட்டுப் பொம்மைகள், ஆறாயிரத்துக்கு மேலே அங்கே இருக்கின்றன.

இதில் நான் ரசிக்கிற இடம் எது தெரியுமா? உலகத்தையே கேலி பண்ணிப் பிழைத்த ஒரு மனுஷன், "என் பொம்மைக்குக் கால் உடைந்துபோச்சு" என்று பிரதம மந்திரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார் பாருங்கள், அந்த இடம். தன்னை யாரும் கேலி பண்ணுவார்களோ என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இங்கிலாந்து மகாராணி மேரிக்கு ஒரு பொம்மை வீடு கட்டினார்கள். 1921-லிருந்து 1924 வரை வேலை நடந்தது. ராணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. குழாயைத் திருப்பினால் தண்ணீர் வரும், லிஃப்ட் ஓடும், மின்சார விளக்கு எரியும். அதன் லைப்ரரிக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிய கானன் டாயிலே தன் கைப்பட விரல் நீளப் புத்தகம் எழுதிக் கொடுத்தார். கட்டியது யார்? லுட்யென்ஸ்! நம்ம டெல்லியில் ராஷ்டிரபதி பவன் கட்டினாரே, அதே ஆள். அதே வருஷங்களில் இங்கே மாளிகை, அங்கே பொம்மை வீடு. எந்த இன்ஜினீயரும், "வயசான காலத்தில் இதெல்லாம் எதுக்கும்மா?" என்று ராணியைக் கேட்கவில்லை. ராணியை யார் கேட்பது? நம்ம வீட்டு ராணியைத்தான் கேட்போம். (சிரிப்பு, கைதட்டல்)

நம்ம சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று பேர். சரி, பெரிய ஜப்பானில் என்ன செய்கிறார்கள்? மார்ச் 3-ஆம் தேதி பெண் குழந்தைகள் வீட்டில் பொம்மைத் திருவிழா. நம்ம கொலு மாதிரியே படி, சிவப்புத் துணி, மேலே ராஜா ராணி. திருவிழா முடிந்து பொம்மையை எடுத்து வைக்கத் தாமதமானால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று அங்கேயும் ஒரு பேச்சு. மாமியார்கள் எல்லா நாட்டிலும் ஒரே பள்ளிக்கூடம்தான். (சிரிப்பு) பழைய பொம்மையைக் குப்பையில் போட மனசு வராமல், கோயிலில் கொடுத்துப் பூசை செய்து வழியனுப்புகிற வழக்கமும் அங்கே உண்டு. அதே ஜப்பானில் ஷிகோகு தீவில் நகோரோ என்று ஒரு மலைக் கிராமம். ஜனங்கள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டார்கள். சுகிமி அயானோ என்ற அம்மா, முதலில் தன் அப்பா ஜாடையில் ஓர் ஆளுயர வைக்கோல் பொம்மை செய்து வயலில் வைத்தார். பிறகு செத்துப்போனவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் என்று ஒவ்வொருவராகச் செய்தார். ஊரில் முப்பது பேர்கூட இல்லை, பொம்மைகள் முந்நூறுக்கு மேலே. 2012-ல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். இப்போது வகுப்பறையில் பெஞ்சில் பொம்மைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு இந்த ஊர்தான் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நடுவர் அவர்களே, தாயில்பட்டி என் அக்காவை வாழ்க்கைப்பட்ட ஊர். அக்கா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. எங்கே என்று கை காட்ட மாட்டேன், காட்டினால் எழுந்து போய்விடும். என்னைவிட ஆறு வயசு மூப்பு. எனக்கு மூன்று வயசாகும்போது, ஒன்பது வயசில், மூன்றாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிற்று. விடியற்காலை நாலு மணிக்குப் பஸ் வரும். ஏஜெண்டு தெருவில் நின்று பேர் சொல்லிக் கத்துவார். அம்மா தூக்கத்திலேயே அதைத் தூக்கி நிறுத்தி முகம் கழுவிவிடும். தூக்குவாளியில் கம்மஞ்சோறு. திரும்பி வர ராத்திரி ஏழு மணி. கட்டையில் குச்சி அடுக்க வேண்டும், மேல்பெட்டி, அடிப்பெட்டி ஒட்ட வேண்டும். குரோஸ் கணக்குக்குக் கூலி. அந்தக் கூலியில்தான் எனக்குச் சிலேட்டு வாங்கினார்கள். முனைவர் என்று என் பேருக்கு முன்னால் போடுகிறீர்களே, அந்த நாலு எழுத்தும் பசை போட்டு ஒட்டியது.

(அரங்கில் அமைதி)

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசித் தீப்பெட்டிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஒரு குழந்தைக்கு இருபதாயிரம் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. இன்றைக்கு நாலு மணிப் பஸ்ஸில் ஸ்கூல் பிள்ளை இல்லை. இருக்கக் கூடாது. ஆனால் சட்டம் வந்த வருஷம் எங்க அக்காவுக்கு இருபத்திரண்டு வயசு. தீர்ப்பு வந்தபோது முப்பத்திரண்டு. அதற்கு எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை.

அந்தக் காலத்தில் அக்கா ஒரு பொம்மை வைத்திருந்தது. கழிவுப் பெட்டி ஒன்றில், கிழிந்த பாவாடைத் துணியைச் சுருட்டி, கரியில் கண் வைத்துப் படுக்கப் போட்டிருக்கும். அடிப்பெட்டிதான் கட்டில். மேல்பெட்டிக்குள் தள்ளிவிட்டால் வீடு பூட்டியாயிற்று. ஆறு பெட்டியை அடுக்கி ஒட்டி ஒரு அலமாரி. இதோடு விளையாட அதற்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான்.

எனக்கு ஐந்தாறு வயசு இருக்கும். ஒரு நாள் அந்த ஆறு பெட்டியையும் பிய்த்து, நூல் கோத்து ரயில் விட்டேன். பொம்மை எங்கே போயிற்றோ தெரியாது. ராத்திரி அக்கா வந்தது. பார்த்தது. அழும், அடிக்கும் என்று அம்மா பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்கா சொன்னது: "ரயில் நல்லாருக்குடா தம்பி."

நம்ம மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் ஒரு பத்துப் பாட்டு பாடியிருக்கிறாள். முதுகு நோக மணலில் சிறுவீடு கட்டியிருக்கிறோம், கண்ணா, வந்து சிதைக்காதே என்று பெண்கள் கெஞ்சுகிறார்கள். பிள்ளைத்தமிழில் இதற்கென்று சிற்றில் பருவமே தனியாக உண்டு. சிதைப்பது எப்போதும் ஆண் பிள்ளை. நாம் அதைப் பாடி ரசிக்கிறோம். நானும் பாராயணம் பண்ணுகிற மாதிரி வகுப்பில் பாடிக் காட்டியிருக்கிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பிறகு பட்டாசு ஆபீசில் சரம் பின்னுகிற வேலை. அத்தான் சிவகாசியில் அச்சாபீசில் கட்டிங் மெஷின். ஒரே மகன், படிக்க வைத்து பெங்களூரில் வேலை. நாற்பத்தெட்டாவது வயசில், தீபாவளி போனஸ் வாங்கியதும் அக்கா சாத்தூரில் ஒரு கடையில் பொம்மை வாங்கியது. படுக்க வைத்தால் கண்ணை மூடும், தூக்கினால் திறக்கும், அந்தப் பொம்மை. அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறது. அத்தான் அரிசி அளக்கப் போய், உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வர, மனுஷன் அலறிவிட்டார்! (சிரிப்பு)

அதன் பிறகு இருக்கன்குடித் திருவிழாக் கடையில் ஒன்று, மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியில் ஒன்று, தஞ்சாவூர்த் தலையாட்டி ஒன்று என்று அறுபது எழுபது சேர்ந்துவிட்டது. ஊர் என்ன சொல்லியிருக்கும், நீங்களே சொல்லுங்கள். பேரன் பேத்தி இல்லாத ஏக்கம் என்றார்கள். பேத்தி பிறந்த பிறகும் நிற்கவில்லை என்றதும், காத்துக்கருப்பு என்றார்கள். அத்தான் அக்காவோடு மூன்று மாசம் பேசவில்லை. மகன் எனக்கு போன் போட்டான்: "மாமா, நீங்க சொன்னா அம்மா கேக்கும். ஒரு டாக்டர்கிட்டக் காட்டணும். ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவங்களை ஊருக்குக் கூட்டிட்டு வர முடியலை."

அவன் சொன்னதில் தப்பு இல்லை அய்யா. எதிரணி சொன்னதில் பாதி உண்மை. பேத்தி பெங்களூரிலிருந்து வந்து ஒரு பொம்மையைத் தொட்டதற்கு அக்கா கையைத் தட்டிவிட்டுவிட்டது. பிள்ளை அழுதது. மருமகள், "அத்தை, நாலு வயசுப் பிள்ளையோடயா போட்டி?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். அந்த வருஷத்துப் பொங்கல் அந்த வீட்டில் பொங்கவில்லை. எங்க அக்கா என்பதற்காக இதை நான் மறைக்க முடியாது. வேண்டியவர்களுக்கு வலிக்கத்தான் செய்தது.

நான் வந்தேன். பெரிய மனுஷன் தோரணையில் வந்தேன். கண்ணாடி போட்ட அலமாரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. "என்னக்கா, பிள்ளையார்பட்டி பிரசாதக் கடை மாதிரி அடுக்கி வச்சிருக்க?" என்றேன். மேடையில் பேசிப் பேசி நாக்கு அப்படி ஆகிவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. அந்த முதல் பொம்மையை எடுத்தது. மடியில் சாய்த்தது. கண்ணை மூடிக்கொண்டது பொம்மை.

"இதுக்குத் தூங்கத் தெரியும் தம்பி. நாலு மணிக்கு யாரும் வந்து எழுப்ப மாட்டாங்க" என்றது.

(நீண்ட அமைதி)

நான் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஐங்குறுநூற்றுத் தாய் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தாள்.

அந்த அலமாரியில் ஒரு பொம்மை தனியாக நிற்கும். மஞ்சள் கலரில் சின்னச் சேலை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னியவள் ஒருத்தி, ஒரு வெடி விபத்தில் போய்விட்டாள். அவள் மகள் கொண்டுவந்து கொடுத்த சேலையில் வெட்டித் தைத்தது. இந்த ஊரில் திடீரென்று சத்தம் கேட்டால் எல்லா வீட்டுப் பெண்களும் வாசலுக்கு ஓடிவந்து எந்தத் திசை என்று பார்ப்பீர்களே, அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். நகோரோ கிராமத்தைப் படித்தபோது இந்த ஊர் ஏன் ஞாபகம் வந்தது என்று இப்போது தெரிகிறதா?

நான் அத்தானிடம் ஒன்றும் உபதேசம் பண்ணவில்லை. மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்து, அக்கா சொன்னதை மட்டும் சொன்னேன். அவரும் ஒன்பது வயசில் கட்டை அடுக்கப் போனவர்தான். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார். அடுத்த வாரம் அச்சாபீசில் மிஞ்சிய பழைய லேபிள் தாள்களை, மயில், தாமரை, குழந்தைப் படம் எல்லாம் போட்டது, சுருட்டிக் கொண்டுவந்து அலமாரிக்குப் பின்பக்கம் முழுக்க ஒட்டிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டுகிறது அவர்தான். தலையாட்டியின் தலையை ஒரு நாள் தப்பாக மாட்டிவிட்டார் என்று அக்கா அவரைத் திட்டியதைக் கேட்க வேண்டும்! கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வீட்டில் இத்தனை பேச்சு நான் கேட்டதில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

மருமகளும் வந்துவிட்டாள். எப்படி? அவள் கெட்டிக்காரி. கீழ்த்தட்டு பேத்திக்கு, மேல்தட்டு அத்தைக்கு என்று பாகப்பிரிவினை பண்ணினாள். பேத்தி அடிக்கடி எல்லை தாண்டுகிறாள், அக்கா இன்னும் முறைக்கத்தான் செய்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மகன் மட்டும் இன்னும் நண்பர்களைக் கூட்டிவரவில்லை. அவன் இந்த நிகழ்ச்சியை டி.வி.யில் பார்ப்பான். பார்க்கட்டும்.

நடுவரய்யா மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் அய்யா.

இந்த நிகழ்ச்சிக்குத் தலைப்புச் சொன்ன அன்று நான் கடையில் ஆறு தீப்பெட்டி வாங்கினேன். குச்சியைக் கொட்டிவிட்டு, பசை காய்ச்சி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து அந்த ஆறையும் அடுக்கி ஒட்டினேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் நடக்கிறேனோ என்று பயந்துவிட்டாள். (சிரிப்பு) உள்ளே ஒரு துணிப் பொம்மை. கண் வைக்கத் தெரியவில்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே. இன்றைக்குக் காலையில் வந்ததும் அதை அக்கா கையில் கொடுத்தேன். ஐம்பது வருஷக் கடன், ஏதாவது சொல்லும், கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். மேடைக்காரன் புத்தி.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அடிப்பெட்டியை இழுத்துப் பார்த்தது, வரவில்லை.

"பசை கூடிப்போச்சு தம்பி" என்றது.

(பலத்த கைதட்டல்)